எண்ணப்படாத மைல்கள்

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரே விலை கொடுத்து ஏறியிருப்பதில்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 'நீங்கள் எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?' என்று பக்கத்து ஆளைக் கேட்டுவிட்டு, மிச்சப் பயணம் முழுக்க மனம் எரிந்துகொண்டு இருப்பவர்கள் நாங்கள். ஆனால் விலை ஏன் வேறுபடுகிறது, அந்த வேறுபாட்டில் நீதி என்று ஏதும் இருக்கிறதா என்று கேட்பதில்லை. ரொறன்ரோவில் பனி கொட்டுவதை ஏற்றுக்கொள்வதுபோல அதையும் ஏற்றுக்கொண்டு விடுகிறோம். ரிக்கற் விலை வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர்கள் இருந்து யோசித்து எழுதிய விதிகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. மனிதர்கள் எழுதிய எதைப் பார்த்தும், இது சரியா என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

விமானக் கட்டணங்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவில் 1978 வரை கட்டணங்களை ஓர் அரசாங்கச் சபைதான் அங்கீகரித்து வந்தது. நாடு விட்டு நாடு பறக்கும் கட்டணங்களை விமானக் கொம்பனிகளின் சங்கமான அயாட்டா கூடி நிர்ணயித்தது. அந்தக் கட்டுப்பாடு தளரத் தொடங்கிய 1977இல், அமெரிக்கன் எயர்லைன்ஸ் நியூயோர்க்குக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே 'சூப்பர் சேவர்' என்ற மலிவுக் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. மலிவு சும்மா கிடைக்கவில்லை. பல நாட்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். போன இடத்தில் குறிப்பிட்ட நாட்கள் நிற்க வேண்டும். பிற்பாடு பரவிய விதிகளில் பேர்போனது, சனிக்கிழமை இரவு போன ஊரில் கழிய வேண்டும் என்பது. ஏன் சனிக்கிழமை? வியாபார அலுவலாகப் போகிறவன் வெள்ளிக்கிழமை இரவே வீட்டுக்குத் திரும்பப் பார்ப்பான். விடுமுறைக்குப் போகிறவன் வார இறுதியில் நிற்பான். 'நீ யார், உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?' என்று கேட்காமலே ஆளை வகைபிரிக்கும் தந்திரம் அது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். அங்கே படித்ததில் மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் விலைப் பாகுபாடு என்ற பாடமும் ஒன்று. ஒரே பொருளை, ஒவ்வொருவரும் எவ்வளவு வரைக்கும் கொடுப்பார்கள் என்று அறிந்து, அவரவருக்கு வெவ்வேறு விலையில் விற்பது. இதற்கான நிபந்தனைகளை அந்தத் தொழிலில் வேலி என்றே சொல்கிறார்கள். எங்களுக்கு வேலி புதிதில்லை. கதியால் நட்டு, கிடுகு கட்டி, பக்கத்து வீட்டுக்காரனின் கண்ணை மறைத்து வாழ்ந்த சனங்கள் நாங்கள். வேலி என்று இருந்தால் பொட்டு ஒன்றும் இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். விலை போகாத ஆசனங்களை அயாட்டா விலைக்குக் கீழே விற்ற சின்னச் சின்ன ஏஜென்சிகள் 1970களிலேயே லண்டனில் இருந்தன. அந்தப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஊருக்குப் போய்வந்தவர்கள் எங்களுக்கு முந்திய தலைமுறையில் ஏராளம்.

விமானக் கொம்பனியின் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். விமானத்தின் கதவு சாத்தப்பட்டதும், நிரம்பாத ஆசனம் செத்துப்போகிறது. அதை நாளைக்கு விற்க முடியாது. இரவு கடை பூட்டும்போது மிஞ்சிய சோறும் அப்படித்தான். ஆகவே கடைசி ஆசனத்தை மலிவாகவேனும் கொடுத்துவிடுவது அவர்களுக்கு லாபம். அவசரக்காரனிடம் வாங்கிய பெரிய விலைதான், ஆறு மாதத்துக்கு முன்பு பதிவு செய்த எங்கள் மலிவு ரிக்கற்றையும் தாங்குகிறது. எல்லோருக்கும் ஒரே விலை என்று நாளைக்கே சட்டம் வந்தால், கோப்பை கழுவுகிறவன் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போவதும் நின்றுபோகலாம். இந்த வேலியால் நாங்களும் பிழைத்திருக்கிறோம். இதை மறைத்துவிட்டு நீதி பேசினால் அந்தப் பேச்சில் உண்மை இராது.

என்றாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. நான் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் மசாலாத் தோசைக்கு ஒரு விலைதான். இரண்டு நாள் பட்டினி கிடந்து வந்தவனுக்கும், சும்மா பொழுதுபோக்க வந்தவனுக்கும் அதே விலை. வாசலில் ஒருவரை நிறுத்தி, வருகிறவனுக்கு எவ்வளவு பசி என்று அறிந்து, பசி கூடியவனிடம் நாற்பது டொலர் கேட்க முதலாளி துணிந்தால், அவர் கடைக்கு எங்கள் ஆட்கள் கல்லெறிவார்கள். விமானக் கட்டணம் அதைத்தான் செய்கிறது. முதலில் உன் பசியை அளக்கிறது. பிறகுதான் விலை சொல்கிறது.

அங்கே விற்கப்படுவது ஆசனம் மட்டுமில்லை. முன்கூட்டித் திட்டமிடாமல் புறப்படும் உரிமையும், திகதியை மாற்றும் உரிமையும், போகாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்கும் உரிமையும் சேர்த்து விற்கப்படுகின்றன. முழுக்கட்டண ரிக்கற்றின் 'வை' என்ற எழுத்தில் இருந்து கீழே இறங்க இறங்க, ஒவ்வோர் எழுத்திலும் அந்த உரிமைகளில் ஒன்றோ இரண்டோ கழன்று விழுகின்றன. அடிமட்டத்தில் இருக்கும் ரிக்கற்றில் ஆசனம் மட்டுமே மிச்சம். எயர் கனடாவில் 2025 சனவரி 3ஆம் திகதியில் இருந்து, வட அமெரிக்கப் பறப்புகளில் மிக மலிவான ரிக்கற்காரர் மேல்தட்டில் வைக்கும் கைப்பையைக்கூடச் சும்மா கொண்டுபோக முடியாமல் ஆனது.

இனி எங்கள் பயணங்களைப் பாருங்கள். எங்கள் ஆட்கள் ஊருக்குப் போவது பெரும்பாலும் இரண்டு காரணத்துக்காக. ஒன்று கலியாணம், மற்றது செத்தவீடு. கலியாணத்துக்கு நாள் பார்த்து ஆறு மாதம் முன்பே சொல்வார்கள். மலிவு ரிக்கற் எடுக்கலாம். சாவு சொல்லிக்கொண்டு வருவதில்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு ரெலிபோன் அடிக்கும். பிரேதத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று அங்கே கணக்குப் பார்க்கிறார்கள். அடுத்த விமானம் எது என்று இங்கே கணக்குப் பார்க்கிறோம். ரொறன்ரோவில் இருந்து கொழும்புக்கு நேர் விமானம் கிடையாது. நேர்கோட்டில் அளந்தாலே கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர். இடையில் எங்கேயோ மாறி ஏற வேண்டும். அன்றைக்குக் காட்டும் விலை, சாதாரண நாள் விலையின் இரண்டு மடங்கையும் தாண்டி நிற்கும். வியாபாரியின் அவசரத்துக்காகக் கட்டிய வேலி அது. தாய்க்குக் கொள்ளி வைக்க ஓடுகிறவனும் அதே பக்கத்தில் அகப்பட்டுக்கொள்கிறான். வியாபாரிக்கு அவனுடைய கொம்பனி கட்டும். இவனுக்கு யார் கட்டுவது?

இந்த அநியாயம் விமானக் கொம்பனிகளுக்கும் தெரியாததில்லை. அதனால்தான் துக்கக் கட்டணம் என்று ஒரு சலுகை வைத்திருந்தார்கள். அமெரிக்கன், யுனைற்றட் ஆகிய இரண்டும் 2014இல் அதைக் கைவிட்டன. கனடாவில் அது முற்றாக மறையவில்லை. ஆனால் அதற்கும் விதிகள் உண்டு. 2022 நவம்பரில், பாட்டி இறந்த செய்தி கேட்டு வன்கூவரில் இருந்து ரொறன்ரோ வந்த ஒரு பயணியின் வழக்கு இங்கே நினைக்கத்தக்கது. முழு விலைக்கு வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தாலும் துக்கக் கட்டணம் கிடைக்கும் என்று, எயர் கனடாவின் இணையத்தளத்தில் பதில் சொல்லும் இயந்திரம் அவருக்குச் சொல்லியிருந்தது. விதியோ பயணத்துக்கு முன்பே கேட்க வேண்டும் என்பது. கொம்பனி மறுத்தது. இயந்திரம் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளி, 650 டொலர் 88 சதம் நட்டஈடும், அதற்குமேல் வட்டியும் செலவும் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் துக்கப்பட்டவன் விதியை வாசித்து, முன்கூட்டி விண்ணப்பித்து, ஒழுங்காகத் துக்கப்பட வேண்டும் என்று ஒரு கொம்பனி எதிர்பார்த்ததை அந்த வழக்கு வெளியே கொண்டுவந்தது.

அவசரக்காரனிடம் கூட வாங்குவது ஒரு பக்கம். அடிக்கடி வருகிறவனுக்குக் கூடக் கொடுப்பது மறுபக்கம். 1981 மே 1ஆம் திகதி அமெரிக்கன் எயர்லைன்ஸ் மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களுக்குள் யுனைற்றட்டும் தொடங்கியது. எயர் கனடாவின் ஏரோபிளான் 1984இல் வந்தது. பறந்த தூரத்தை எண்ணி, ஓர் அளவு சேர்ந்ததும் ஒரு பயணம் இலவசம். அடிக்கடி பறப்பவருக்கு இன்னும் பல சலுகைகள்: வரிசையில் முதலிடம், மேலதிகப் பெட்டி, விமான நிலையத்தில் தனி மண்டபம்.

தூரத்தை அளந்த காலத்தில் அந்தக் கணக்கில் ஒரு நேர்மை இருந்தது என்று எனக்குப் படுகிறது. மலிவு ரிக்கற்றுக்கு முழு மைல் கிடைக்காத இடங்களும் இருந்தன என்பது உண்மைதான். என்றாலும் ஒருநாள் முழுக்க நெருக்கமான ஆசனத்தில் காலை மடக்கி, பாதம் வீங்கி இருந்த உடம்பின் வருத்தம் எப்படியோ ஒரு எண்ணாகப் பதிவானது. டெல்ராவும் யுனைற்றட்டும் 2015இலும், அமெரிக்கன் 2016இலும் தூரத்தை விட்டுச் செலவழித்த டொலரை எண்ணத் தொடங்கின. 2026 சனவரி 1இல் இருந்து எயர் கனடா பறப்புகளுக்கும் ஏரோபிளான் அதே வழியில் வந்துவிட்டது. இப்போது கால் வீங்கியதற்குக் கணக்கில்லை. காசு கொடுத்ததற்குத்தான் கணக்கு.

காசையும் பெரும்பாலும் பறப்பவன் கொடுப்பதில்லை. வேலை கொடுத்த கொம்பனி கொடுக்கிறது. மைல் அவன் பெயரில் ஏறுகிறது. இது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி ஜேர்மனியில் பெரிய அரசியல் கேள்வியானது. அரச பயணங்களில் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குப் பாவித்த விஷயம் வெளியானதால், பேர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராக இருந்த கிறெகோர் கீசி 2002 யூலையில் பதவி விலகினார். 2006இல் அந்த நாட்டின் தொழில் மேல்நீதிமன்றம், வேலைப் பயணத்தில் சேர்ந்த மைலை வேலைப் பயணத்துக்கே பாவிக்கும்படி முதலாளி கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. இப்படி ஒரு கேள்வி இருப்பதையே எங்கள் ஊர்களில் பலர் அறியமாட்டோம்.

காசு வரும் இன்னொரு வழியை எங்கள் கடையின் கல்லாவில் நின்றாலே காணலாம். பயணப் புள்ளி சேர்க்கும் உயர்ரகக் கிரெடிட் காட்டை ஒருவர் நீட்டுகிறார். அவருடைய பில்லில் ஒரு பகுதியைக் கடை கட்டணமாகக் கட்ட வேண்டும். உயர்ரகக் காட் என்றால் அது நூற்றுக்கு இரண்டையும் தாண்டலாம். 2022 ஒக்ரோபரில் இருந்து கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் கடைக்காரர் அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்க அனுமதி வந்தது. கேட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயத்தில் சின்னக் கடைகள் கேட்பதில்லை. ஆகவே செலவு தோசையின் விலையில் ஏறுகிறது. சில்லறை எண்ணிக் கொடுக்கும் கிழவரும் அந்த விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்குப் புள்ளி இல்லை. ஒருவர் ஐரோப்பாவுக்கு 'இலவசமாக'ப் பறக்கும்போது, அந்த ஆசனத்தின் ஒரு நூலை நாங்களும் அந்தக் கிழவரும் சேர்ந்து நெய்திருக்கிறோம்.

இந்தக் கணக்குப் புத்தகங்கள் இன்றைக்கு விமானங்களுக்கு ஈடான சொத்து. கொரோனாவில் விமானங்கள் நிலத்தில் நின்ற 2020 யூனில், யுனைற்றட் தன் மைல் திட்டத்தை ஈடுவைத்து 5 பில்லியன் டொலர் கடன் எடுக்கப்போவதாக அறிவித்தது. கைவிட்டுப் போயிருந்த ஏரோபிளானை 2019 சனவரியில் எயர் கனடா 450 மில்லியன் டொலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு விசுவாசத் திட்டங்கள் என்று பெயர். எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல் பாரமானது. விசுவாசமில்லை என்ற ஒரு வார்த்தையால் வீட்டை விட்டு ஓடினவர்களும், ஓட நேரம் கிடைக்காதவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதே சொல்லை, திரும்பத் திரும்பக் காசு கொடுப்பவனுக்குச் சூட்டும் பட்டமாகக் கேட்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த ஏணியின் உச்சியில் தங்க அட்டைக்காரன் இருக்கிறான். அடியில் யார்? 1987 பெப்ரவரியில் லண்டன் ஹீத்ரோவில் வந்திறங்கிப் புகலிடம் கேட்ட தமிழர் சுமார் 60 பேரைத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். சிலர் விமானத் தளத்திலேயே உடுப்பைக் களைந்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதே வருடம் பிரித்தானியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமானக் கொம்பனி தலைக்கு 1,000 பவுண் தண்டம் கட்ட வேண்டும். 1991இல் அது 2,000 ஆனது. வேறு நாடுகளிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு. அன்றிலிருந்து விமான நிலையக் கவுண்டரில் நிற்கும் பெண்ணும் ஒருவகைக் குடிவரவு அதிகாரிதான். ஒரு முகத்தைக் கண்டால் அவள் வெகுமதி கொடுக்க வேண்டும். இன்னொரு முகத்தைக் கண்டால் தண்டம் வருமோ என்று பயப்பட வேண்டும். கொம்பனியின் கணக்கில் இரண்டும் பயணிகள்தான்.

எங்களில் எத்தனையோ பேர் மொஸ்கோ, பாங்கொக், ஆபிரிக்க நாடுகள் என்று மாதக்கணக்கில் சுற்றி, ஏஜென்ற் தந்த வேறொருவரின் பெயரில் பறந்து வந்தவர்கள். மைல் கணக்கு ரிக்கற்றில் உள்ள பெயருக்குத்தான் ஏறும். எங்கள் வாழ்க்கையின் மிக நீண்ட பயணம் எங்கள் பெயரில் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டுக் கொம்பனிகளைத் திட்டுவதோடு நிறுத்திவிடலாம். அது சுகமானது. ஆனால் எங்களிடமும் ஒரு மைல் கணக்கு இருக்கிறது. யார் ஊருக்கு வந்தார், யார் வரவில்லை, வந்தவர் எத்தனை பெட்டி கொண்டுவந்தார் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறோம். வருடா வருடம் கோயில் திருவிழாவுக்கு வருகிறவருக்குக் காளாஞ்சி முதலில் போகிறது. வராதவனைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறோம்: 'தாயின்ரை செத்தவீட்டுக்கும் வராதவன்.' அவன் கையில் இருந்தது எந்தப் பத்திரம், அன்றைக்கு ரிக்கற் என்ன விலை, எத்தனை நாள் லீவு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

2012 டிசம்பரில் கனடாவில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தைப் பலர் அறியமாட்டார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர், நிரந்தர வதிவுரிமை பெற்ற பின்பும்கூட, குடியுரிமை எடுக்கும் முன்பு தப்பிவந்த நாட்டுக்குப் போய்வந்தால், அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று வழக்கு வரலாம். அகதி அந்தஸ்து முடிந்ததாகத் தீர்ப்பானால் வதிவுரிமையும் சேர்ந்து போகும். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதா, பிள்ளைகளின் எதிர்காலத்தை வைத்திருப்பதா என்று ஒருவன் ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. என்னோடு குசினியில் வேலை செய்த ஒருவர், தகப்பனின் கிரியையைச் சாமான் அறைக்குள் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்று ரெலிபோனில் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து வெங்காயம் வெட்டினார். அவரை ஊரில் எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

விமானக் கொம்பனி தர்மசத்திரம் நடத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சட்டம் இந்த விதிகளுக்குள் கை வைக்கலாம் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2019இல் கனடா கொண்டுவந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெற்றோருக்குப் பக்கத்திலோ கிட்டவோ மேலதிகக் காசு வாங்காமல் இருத்த வேண்டும். பிள்ளையையும் தாயையும் பிரித்து வைத்து அதில் காசு பார்ப்பது தவறு என்று ஒரு நாடு முடிவெடுத்திருக்கிறது. சாவுக்குப் போகிறவனிடம் வாங்கும் விலைக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று கேட்பது அதற்கு மிக அடுத்த படிதான். பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளை, சகோதரம் என்று வரையறுத்து, பயணம் முடிந்த பிறகும் மரணச் சான்றிதழைக் காட்ட இடம்விட்டு எழுதினால், எந்தக் கொம்பனியும் அதனால் கவிழ்ந்துவிடாது. இந்த நாட்டில் வாக்குப் போடும் தமிழர்கள் தங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்கக்கூடிய கோரிக்கை இது.

எங்கள் கணக்குப் புத்தகத்தை மூட யாருடைய சட்டமும் தேவையில்லை. எங்கள் வேலையிடங்களில் ஊரில் ஒருவருக்குச் சாவு என்றால் ஒரு என்வலப் சுற்றி வரும். இருபது டொலர் போடுகிறவரும், ஐந்து டொலர் போடுகிறவரும் உண்டு. அதில் பெயர் எழுதுவதில்லை. காசில்லாதவர் போகிறவரின் ஷிப்ற்றைத் தான் செய்வதாகச் சொல்வார். அப்படிப் போட்டவர்களில் சிலர் தங்கள் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாதவர்கள். அவர்களைப் பற்றி ஊரில் யாராவது அந்த ஒற்றை வரியைச் சொன்னால், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது போய்வந்த எங்கள் கடமை.